சம்பந்தியம்மாவின் சொட்டு மருந்து

ஒரு கண் முப்பத்தெட்டாயிரம் ரூபாய். இரண்டு கண்ணும் எழுபத்தாறாயிரம். கூட்டல் சரிதான். கல்யாணசுந்தரிக்கு அந்தக் கூட்டல்தான் பிடிக்கவில்லை. இரண்டாக எடுத்தாலும் விலை இறங்காத சரக்கை அறுபத்து மூன்று வயதில் அன்றைக்குத்தான் பார்க்கிறாள்.

காரைக்குடியில் புதிதாகத் திறந்திருந்த கண் ஆஸ்பத்திரி அது. சட்டையில் ஆஷ்லின் என்று பேர் குத்தியிருந்த பெண், ஓட்டல்காரர்கள் நீட்டுவது மாதிரி வழவழப்பான அட்டை ஒன்றை மேசையில் வைத்தாள். உள்நாட்டு லென்ஸ் பதினாலாயிரம். வெளிநாட்டு லென்ஸ் இருபத்தாறாயிரம். தூரமும் கிட்டமும் கண்ணாடி போடாமலே தெரிகிற லென்ஸ் முப்பத்தெட்டு.

"ரெண்டு கண்ணுலயும் பொரைங்கிற. ரெண்டுக்கும் சேத்துக் கடைசியாச் சொல்லு" என்றாள் கல்யாணசுந்தரி.

"எழுபத்தாறும்மா."

"அது நான் கூட்டுனது. நீ கொறைச்சுச் சொல்லு."

"இதெல்லாம் ஃபிக்ஸட் ரேட்மா."

"அம்பதுன்னு போட்டுக்க. கோட்டையூர்ல எங்க கடைக்கு வாராத கல்யாண வீடு கெடையாது. அம்புட்டுப் பேரையும் இங்குட்டு அனுப்பி வைக்கிறேன். பொரை இல்லாத கெழடு கட்டை எந்த வீட்டுல இருக்கு?"

ஆஷ்லின் சிரித்தாள். குறைக்கவில்லை. பக்கத்திலிருந்த மகன் முத்தரசு, "ஆத்தா, காசு நான் குடுக்குறேன். நீ கம்முனு இரு" என்று பல்லைக் கடித்தான்.

"நீ குடுக்குறதுக்கு நான் ஏன் கம்முனு இருக்கணும்?" என்று எழுந்தாள் கல்யாணசுந்தரி. எழுந்தது போவதற்கில்லை. விலை படியாத கடையில் எழுந்து நடந்தால் மூன்றாவது எட்டில் "ஏத்தா, வா, உக்காரு" என்று குரல் வரும். பித்தளைக் கடையில் வந்திருக்கிறது, ஜவுளிக் கடையில் வந்திருக்கிறது. ஒரு தடவை நிலம் வாங்கும்போதுகூட ஏழாவது எட்டில் வந்தது. இங்கே மூன்றானது, ஏழானது, வாசல் வந்தது. செருப்பை மாட்ட எவ்வளவு நேரம் ஆகுமோ அதைப்போல நாலு மடங்கு எடுத்துக்கொண்டாள். உள்ளே அடுத்த டோக்கன் நம்பரைக் கூப்பிட்டார்கள்.

அதற்குப் பிறகு வீட்டில் முத்தரசு மூன்று தடவை கேட்டான். "எனக்கென்ன, நல்லாத்தேன் தெரியுது" என்று மூன்று தடவையும் சொன்னாள். நாலாவது தடவை கேட்டால் சரி சொல்வதாக இருந்தாள். அவன் மூன்றோடு நிறுத்திக்கொண்டான்.

நல்லாத் தெரிகிறது என்பது பொய். கோட்டையூர் பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் க.சு. பாத்திர வாடகைக் கடை அவளுடையது. புருஷன் போனபிறகு இருபத்தொரு வருஷமாக அவள் நடத்துவது. அண்டா, தேக்சா, பந்தி வாளி, கரண்டி, டம்ளர், ஜமுக்காளம் என்று ஒரு கல்யாணத்துக்கு வேண்டியதெல்லாம் பின்கட்டுக் கிடங்கில் அடுக்கியிருக்கும். ஒவ்வொன்றின் அடியிலும் க.சு. என்று பேர் வெட்டியிருக்கும். நோட்டில் மூன்று பத்தி: போனது, வந்தது, பாக்கி. வண்டியிலிருந்து இறக்கும்போதே எதில் புதிதாக ஒடுக்கு விழுந்திருக்கிறது என்று தட்டிப் பார்க்காமல் சொல்லிவிடுவாள். எண்ணிக்கை குறைந்து, வாடிக்கைக்காரர் வாயைத் திறக்காமல் நின்றால் அதற்கும் ஒரு வழி வைத்திருந்தாள். மருமகள் செந்தாமரைக்கு அதைத்தான் முதலில் கற்றுக் கொடுத்தாள்.

"அம்பது டம்ளர் கொறையுதுன்னு ஓங்கிச் சொல்லிரணும். 'எங்குட்டு அம்பது? பன்னெண்டுதான!'ன்னு அவுகளே பதறிச் சொல்லிருவாக. பொய்ய நம்ம சொன்னாத்தேன் நெசத்த அவுக சொல்லுவாக."

அப்பேர்ப்பட்டவள், மாசியில் ஒரு வளைகாப்பு வீட்டிலிருந்து வேறு கடைக் கரண்டி ஏழைத் தன்னுடையதென்று வாங்கி வைத்துவிட்டாள். வெட்டியிருந்த பேர் தெரியவில்லை. அதன்பிறகுதான் அந்த ஏசி அறையும் அட்டையும்.

சித்திரை பிறந்ததும் செந்தாமரையின் அம்மா அகிலாண்டேஸ்வரி தேவகோட்டையிலிருந்து வந்தாள். அவளுக்கும் இடது கண்ணில் புரை. அதே ஆஸ்பத்திரி, அதே ஆஷ்லின், அதே அட்டை. முப்பத்தெட்டைக் காட்டி, "இதுதான் நல்லதுன்னா இதையே வச்சிருங்க தம்பி" என்று மருமகனிடம் சொன்னாளாம். அவ்வளவுதான். அரை மணி நேரத்தில் பணம் கட்டி நாள் குறித்தாகிவிட்டது.

"வெலை என்னன்னுகூட ஒங்க அம்மா கேக்கலையா?" என்று செந்தாமரையிடம் கேட்டாள் கல்யாணசுந்தரி.

"அட்டையிலதான் போட்ருக்கே அத்தை."

"அட்டையில போட்ருந்தா? கோயில் சுவத்துலயுந்தேன் என்னென்னமோ எழுதிருக்கு."

தேவகோட்டையில் ஒத்தையில் எப்படி இருப்பார்கள் என்று சம்பந்தியம்மாவை இங்கேயே ஒரு மாதம் வைத்துக்கொண்டார்கள். அந்த ஒரு மாதம் கல்யாணசுந்தரிக்கு ஒரு வருஷமாகப் போனது. கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு முகப்பில் மின்விசிறிக்கு நேர் கீழே அகிலாண்டேஸ்வரி உட்கார்ந்திருப்பாள். இரண்டு மணிக்கொரு தடவை செந்தாமரையின் போன் கத்தும். உடனே சோப்புப் போட்டுக் கை கழுவி, பெட்டியிலிருந்து சின்னப் புட்டியை எடுத்து, ஒரு சொட்டு. செந்தாமரை கடையிலிருந்தால் முத்தரசு வருவான். பெற்ற தாய்க்குத் தலைவலித் தைலம் தேய்த்தறியாத கை, மாமியாரின் இமையைப் பூப்போல விரித்துப் பிடிக்கும்.

"வலிக்குதா அத்தை?"

"இல்லய்யா. குளுகுளுன்னு இருக்கு."

அந்தக் குளுகுளுவைக் கேட்டு, கிடங்கில் புளி போட்டு அண்டா தேய்த்துக்கொண்டிருந்த கல்யாணசுந்தரி இன்னும் அழுத்தித் தேய்த்தாள். பெட்டியின் மேல் விலை நானூற்று எண்பத்தாறு. புட்டிக்கு நூறு சொட்டு என்று வைத்தால், சொட்டு அஞ்சு ரூபாய். உட்கார்ந்த இடத்தில் ஒரு நாளைக்கு முப்பது ரூபாயைக் கண்ணில் ஊற்றிக்கொள்கிறாள், வியர்வை ஒரு சொட்டுச் சிந்தாமல்.

மாதம் முடிந்தது. ஊருக்குக் கிளம்பும்போது அகிலாண்டேஸ்வரி, "மருந்து போதும்னுட்டாக டாக்டரு. தெறந்து மாசம் ஆச்சுன்னா வச்சுக்கக் கூடாதாம். அத வீசிரு செந்தாமரை" என்றாள். செந்தாமரை வீசினாள். அது இரண்டாவதாக வாங்கிய புட்டி, அதில் பாதிக்கு மேல் மருந்து இருந்தது.

 பஸ் ஏற்றிவிட எல்லோரும் போனபிறகு கல்யாணசுந்தரி குப்பைக் கூடையைக் கவிழ்த்துப் புட்டியை எடுத்தாள். முந்தானையில் துடைத்தாள். அவள் கடையில் மூக்கு உடைந்த கெண்டியைக்கூட வீசியதில்லை. கிடங்கில் மேல் தட்டுச் செம்பு ஒன்றுக்குள் புட்டியைப் போட்டு வைத்தாள். அப்போது கத்திரி வெயில். மத்தியானத்தில் அந்தத் தகரக் கூரைக்குக் கீழே செம்பைத் தொட்டால் கை சுடும்.

ஆனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் மண்டபத்தில் இலவசக் கண் முகாம் என்று நோட்டீஸ் வந்தது. நடத்துகிறவர் அருளானந்தம், ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். முகாமில் சோதித்து, மதுரைக்கு பஸ்ஸில் கூட்டிப்போய், ஆபரேஷன் செய்து, சாப்பாடு போட்டுத் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். காசு கிடையாது. யாரிடமும் சொல்லாமல் கல்யாணசுந்தரி வரிசையில் போய் நின்றாள். முத்தரசுக்குத் தெரிந்தபோது அவள் பேர் எழுதியாகிவிட்டது.

"ஏன் ஆத்தா, நான் காரைக்குடியில செய்யிறேன்னு எத்தனை வாட்டி சொன்னேன்?"

"மூணு வாட்டி" என்றாள் அவள்.

மதுரையில் இருபத்து மூன்று பேருக்கு ஒரே நாளில் ஆபரேஷன் ஆயிற்று. கல்யாணசுந்தரிக்கு இடது கண். கட்டை அவிழ்த்த காலையில் எதிர்ச் சுவரில் ஒரு பல்லி தெரிந்தது, அதன் வால் நுனி தெரிந்தது. வியாழக்கிழமை கோட்டையூர் வந்து இறங்கியதும் நேரே கிடங்குக்குப் போனாள். எட்ட நின்றே ஒவ்வொரு அண்டாவிலும் இருந்த ஒடுக்கை எண்ணினாள். காசில்லாமல் கிடைத்த கண் இவ்வளவு வேலை செய்யும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. ஆஷ்லின் முகத்தைப் போய் ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாமா என்றுகூட இருந்தது.

அந்தச் சந்தோஷம் வெள்ளிக்கிழமை பத்து மணி வரைக்கும் இருந்தது. பத்து மணிக்கு ஆறு சாத்துக்குடியோடும் ஒரு ஹார்லிக்ஸோடும் அகிலாண்டேஸ்வரி நலம் விசாரிக்க வந்தாள்.

"எப்புடி இருக்கு மதினி? தெளிவாத் தெரியுதா?"

"அந்தா, ரோட்டுக்கு அங்குட்டுப் போற பஸ்ஸுல போட்ருக்க ஊருப் பேரு தெரியுது."

"மகராசியா இருங்க. கிட்டத்துல?"

அதற்குள் செந்தாமரை உள்ளிருந்து, "அத்தைக்குக் கிட்டத்துக்குக் கண்ணாடி போடணும்மா. இது தூரத்து லென்ஸு" என்று போட்டு உடைத்தாள்.

அகிலாண்டேஸ்வரி "அப்புடியா" என்றாள். அதோடு விட்டிருக்கலாம். மேசைமேல் கிடந்த வாடகை நோட்டைச் சும்மா கையில் எடுத்தாள். கண்ணாடி இல்லாமல், ஒரு சாண் தூரத்தில் பிடித்துக்கொண்டு கடகடவென்று வாசித்தாள். "பந்தி வாளி பதினாறு... டம்ளர் இருநூத்து நாப்பது... மதினி, இங்க வந்ததுன்னு இருநூத்திருபது போட்டுட்டுப் பாக்கியில ஒண்ணும் எழுதலையே? இருபது விட்டுப்போச்சு போலருக்கே?"

இருபத்தொரு வருஷ நோட்டில் தப்புக் கண்டுபிடித்த முதல் ஆள்.

"அது தள்ளுபடி" என்றாள் கல்யாணசுந்தரி. தள்ளுபடி என்ற சொல் அவள் வாயிலிருந்து வந்ததைக் கேட்டுச் செந்தாமரை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

சம்பந்தியம்மா போனபிறகு கல்யாணசுந்தரி நோட்டை எடுத்து ஒரு சாண் தூரத்தில் பிடித்தாள். எழுத்தெல்லாம் எறும்பாக ஊர்ந்தது. கையை நீட்டினாள், நீட்டுகிற அளவுக்குக் கை போதவில்லை. முகாமில் கொடுத்த வெள்ளைப் புட்டியைப் பார்த்தாள். மேலே விலையே போடவில்லை. விலை போடாத மருந்தில் என்ன இருக்கப்போகிறது?

லென்ஸை இனி மாற்ற முடியாது. மருந்தை மாற்றலாம்.

அன்று மத்தியானமே ஆரம்பித்துவிட்டாள். முகாம் மருந்தைச் செந்தாமரை நேரம் தவறாமல் ஊற்றி, தாளில் டிக் அடித்துவிட்டுப் போவாள். அதன் பிறகு கிடங்குக்குப் போய், கதவைச் சாத்தி, அடுக்கிய அண்டாவில் தலையைச் சாய்த்து, செம்பிலிருந்த புட்டியை எடுப்பாள் கல்யாணசுந்தரி. முதல் சொட்டு மூக்கில் விழுந்தது. அஞ்சு ரூபாய் ஆயிற்றே, விரலால் வழித்துக் கண்ணில் விட்டுக்கொண்டாள். அடுத்த சொட்டுத் தவறாமலிருக்கப் புட்டியின் மூக்கை இமைமேலேயே ஊன்றிக்கொண்டாள். குளுகுளுவென்றெல்லாம் இல்லை, சூடாகத்தான் இருந்தது. உசத்தி மருந்து சூடாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலைச் சொட்டை ஊற்றிவிட்டுச் செந்தாமரை போன கொஞ்ச நேரத்தில் தலையின் இடது பக்கம் கல்லைக் கட்டிவிட்டது மாதிரி கனத்தது. அன்றைக்குக் கண்டனூர்க் கல்யாணத்துக்குச் சாமான் ஏற்ற வேண்டும். ஏற்றிக்கொண்டிருக்கும்போதே வெளிச்சம் ஊசியாகக் குத்தியது. வியாழக்கிழமை எட்டத்தில் தெரிந்த ஒடுக்குகள் இன்று காணவில்லை. அண்டாவே வெள்ளைப் புகைக்குள் நின்றது. சூட்டுக் கண் என்று நினைத்து, உசத்தி மருந்தில் இரண்டு சொட்டுக் கூடுதலாக விட்டுக்கொண்டாள்.

மத்தியானச் சோற்றுக்குக் கூப்பிட வந்த செந்தாமரை கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "அய்யய்யோ அத்தை!" என்று கத்தினாள். வெள்ளை விழி மிளகாய் விழுதாகச் சிவந்து, இமை வீங்கிப் பாதி மூடியிருந்தது.

அருளானந்தம் வாத்தியாருக்குப் போன் போனது. கால் மணி நேரத்தில் காரோடு வந்து நின்றார்.  மதுரை போய்ச் சேரும் வரைக்கும் ஜெபமாலை உருட்டினார்.

டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்தாள். "ஆபரேஷன் பண்ண கண்ணுக்குள்ள கிருமி போய்ச் சீழ் பிடிச்சிருக்கு. கண்ணுக்குள்ளயே ஊசி போடணும்" என்றாள். பிறகு கேட்டாள்: "நாங்க குடுத்த மருந்தைத் தவிர வேற எதையாவது ஊத்தினீங்களா? தாய்ப்பால், விளக்கெண்ணெய், வேற யாரோட மருந்தாவது?"

"இல்லை."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா."

"இல்லைங்குறேன்ல."

கண்ணுக்குள் ஊசி போவதைக் கண்ணாலேயே பார்க்க வேண்டும், அதற்கு யாரும் அவளிடம் விலை பேசவில்லை. போட்டார்கள்.

மறுநாள் காலை கூடத்தில் இரைச்சல் கேட்டது. அதே நாளில் ஆபரேஷன் ஆன மற்ற இருபத்திரண்டு பேரையும் வேனில் அள்ளிக்கொண்டு வந்திருந்தார்கள். ஒருவருக்கு வந்தது எல்லோருக்கும் வந்திருக்குமோ என்று சோதனை. ஆபரேஷன் அறையைப் பூட்டி வைத்திருந்தார்கள். அடுத்த முகாமுக்குப் பேர் கொடுத்திருந்த நாற்பது பேருக்கு இப்போதைக்கு இல்லை என்று சொல்லியாகிவிட்டது.

கட்டிலுக்குப் பக்கத்து பெஞ்சில் வந்து உட்கார்ந்தவள் அக்கம்மாள், ஆத்தங்குடிக்காரி. டைல்ஸ் பட்டறையில் மணல் சலிக்கிற வேலை. ஆபரேஷன் அன்று இரண்டு பேருக்கும் அடுத்தடுத்த கட்டில்.

"ஒங்களுக்கா வந்துச்சு? அடப் பாவமே! நல்லாத்தான இருந்தீக" என்றாள் அக்கம்மாள். "எனக்கு நல்லாத்தேன் தெரிஞ்சுச்சு. இப்பப் பயத்துல தெரியுதா தெரியலையான்னே தெரிய மாட்டேங்குது. வேன்ல அம்புட்டுப் பேரும் ஒரு கண்ணப் பொத்திப் பொத்திப் பாத்துக்கிட்டே வாராக. ஒருத்தி அழுகுறா, ஒருத்தி சாமியாடுறா. இன்னையில இருந்து வேலைக்கு வாரேன்னு மேஸ்திரிகிட்டச் சொல்லிருந்தேன். நானூத்தம்பது போச்சு. கண்ணு இருந்தாப் போதும் தாயி, காசு கெடக்கட்டும்."

கல்யாணசுந்தரி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வாசல் பக்கமிருந்து மகனின் குரல் கேட்டது. "ஓசின்னு கூட்டிட்டுப் போயி எங்க ஆத்தா கண்ணக் கெடுத்துப்புட்டீகளே சார்! நீங்க படிக்க வச்ச பயதான் நான். ஒங்க மேல கேஸ் குடுக்க வச்சுட்டீகளே!"

அருளானந்தம் மெதுவாகப் பேசினார். "முப்பத்தொரு முகாம் நடத்திட்டேன் முத்தரசு. இப்புடி ஒண்ணு நடந்ததில்ல. என்ன தப்புன்னு தெரியலையே. எம்மேல எழுதிக் குடு. எழுத வேண்டியதுதான்."

சொல்லிவிட வேண்டும் என்று அவளுக்கும் தோன்றாமலில்லை. நாக்கு வரைக்கும் வந்தது. ஆனால் சொன்னால் எங்கிருந்து சொல்ல வேண்டும்? சம்பந்தி வீசியதைக் குப்பையிலிருந்து பொறுக்கினேன் என்பதிலிருந்து. செந்தாமரை கேட்பாள். அடுத்த பஸ்ஸில் அது தேவகோட்டைக்குப் போகும். அங்கே அகிலாண்டேஸ்வரி, "அய்யோ பாவம், கேட்டிருந்தாப் புதுசே வாங்கிக் குடுத்திருப்பேனே" என்பாள். அதைக் கேட்பதற்குக் கண் போனாலும் போகட்டும்.

புதன்கிழமை டாக்டரம்மா பார்த்துவிட்டு முகத்தைச் சுருக்கினாள். முத்தரசையும் அருளானந்தத்தையும் கட்டிலோரமாகக் கூப்பிட்டாள்.

"ஊசி சரியாக் கேட்கலை. என்ன கிருமி, எங்கருந்து வந்ததுன்னு தெரிஞ்சா அதுக்கேத்த மருந்தை இன்னைக்கே மாத்தலாம். கண்ணுல எடுத்த நீர்ல இன்னும் ஒண்ணும் வளரலை. இப்படியே போனா பார்வையை விடுங்க, கண்ணையே எடுக்க வேண்டி வரலாம்."

அந்த நேரத்தில் கஞ்சி பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள் அகிலாண்டேஸ்வரி. அருகில் செந்தாமரை. இரண்டு பேர் முகமும் சரியில்லை. அகிலாண்டேஸ்வரி பிளாஸ்க்கை வைத்தாள். இடுப்பிலிருந்த சுருக்குப் பையை அவிழ்த்து ஒரு சின்னப் புட்டியை எடுத்து டாக்டரம்மாவிடம் நீட்டினாள். அதன் மேல் ஒட்டிய தாளில் செந்தாமரையின் கையெழுத்து: 'அம்மா. திறந்தது மே 5.'

"மதினி இல்லைன்னு கடையப் பாத்துக்க வந்தேன், காலையில ஒரு காதுகுத்து வீட்டுக்குச் செம்பு எண்ணிக் குடுத்தேன் டாக்டரம்மா. ஒரு செம்புக்குள்ள கெடந்துச்சு. இது என்னோட மருந்து. நாந்தான் மதினிக்குக் குடுத்தேன். உசத்தி மருந்தாச்சே, வீணாப் போகுதேன்னு, ரெண்டு சொட்டு ஊத்திக்கங்கன்னு நாந்தான் வற்புறுத்திக் குடுத்தேன். எம்மேலதான் தப்பு."

 அருளானந்தம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வாத்தியார் மேல் அத்தனை பாய்ச்சல் பாய்ந்த முத்தரசு, மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க நல்லது நெனச்சுத்தான அத்தை குடுத்தீக. அழுகாதீக" என்றான்.

பக்கத்துக் கட்டில்காரி, "தம்மேல பழியத் தூக்கிப் போட்டுக்கிட்டாகளே, என்ன மனசு இந்த அம்மாவுக்கு!" என்றாள்.

கல்யாணசுந்தரிக்குக் கண்ணின் வலி மறந்துபோனது. குடுத்தாளாம்! வற்புறுத்திக் குடுத்தாளாம்! இவள் குடுக்க, தான் கையேந்தி வாங்கினதாக மதுரை வரைக்கும் பேராகிவிட்டது. பெற்ற மகன் தன் கையைப் பிடிக்கவில்லை, இவள் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள்.

"பொய்யி! யாரு குடுத்தா? இவுக எனக்கு எதக் குடுத்தாக? ஆறு சாத்துக்குடியத் தவிர இவுக கையால நான் ஒண்ணு வாங்குனதில்ல. நானாத்தேன் எடுத்தேன்! குப்பைக் கூடையில கெடந்தத நானாத்தேன் எடுத்துச் செம்புக்குள்ள போட்டு வச்சேன். நாலு நாளா நானாத்தேன் ஊத்துனேன். வாத்தியாரு மருந்தையும் ஒருத்தரும் கொற சொல்லக் கூடாது, அதுல ஒண்ணுமில்ல. எழுதிக்கங்க டாக்டரம்மா, நானாத்தேன் எடுத்தேன்!"

முத்தரசு வாத்தியாரைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

"எத்தனை நாளா, எத்தனை தடவை?" என்று டாக்டரம்மா கேட்டாள். கல்யாணசுந்தரி கணக்குச் சொன்னாள்: வெள்ளி இரண்டு, சனி மூன்று, ஞாயிறு மூன்று, திங்கள் இரண்டு. விரலால் வழித்ததையும் சேர்த்துச் சொன்னாள். கணக்கென்று வந்துவிட்டால் அவள் எதையும் விடுவதில்லை.

புட்டி சோதனைக்குப் போனது. எந்த வகைக் கிருமியாக இருக்கும் என்று கணித்து அன்று சாயங்காலமே மருந்தை மாற்றினார்கள். மறுநாள் கண்ணுக்குள்ளிருந்த சீழைக் கழுவி எடுத்தார்கள். இரண்டு நாள் கழித்துப் புட்டியில் இருந்ததும் கண்ணில் இருந்ததும் ஒரே கிருமி என்று தாள் வந்தது. ஆபரேஷன் அறையைத் திறந்தார்கள். முத்தரசு வாத்தியார் காலில் விழப் போனான். அவர் தோளைப் பிடித்துத் தூக்கி, "நீ அஞ்சாப்புலயே விடையப் போட்டுட்டு அப்புறமாத்தான் கணக்கப் பாப்ப" என்றார்.

கட்டு அவிழ்த்த அன்று அகிலாண்டேஸ்வரிதான் பக்கத்திலிருந்தாள். கல்யாணசுந்தரிக்கு எதிர்ச் சுவர் மங்கலாகத் தெரிந்தது. பல்லி இருந்ததா இல்லையா என்று சொல்ல முடியவில்லை. நீட்டிய விரல்களை எண்ண முடிந்தது, நகத்தைப் பார்க்க முடியவில்லை. "இதுக்கு மேல பெருசா வராது. இது தங்கினதே பெருசு" என்று டாக்டரம்மா சொல்லிவிட்டுப் போனாள்.

அகிலாண்டேஸ்வரி பையிலிருந்து ஒரு சாத்துக்குடியை எடுத்தாள்.

"மதினி" என்றாள் கல்யாணசுந்தரி. "குப்பையில போட்டது எங்கையில எப்புடி வந்துச்சுன்னு ஒங்களுக்கு அன்னைக்கே தெரியும்ல?"

"தெரியும்."

"பெறகு எதுக்கு அப்புடிச் சொன்னீக?"

அகிலாண்டேஸ்வரி சாத்துக்குடியை உரித்துக்கொண்டே சொன்னாள். "டம்ளர் கொறைஞ்சு, ஆளு வாயத் தொறக்கலைன்னா, அம்பதுன்னு ஓங்கிச் சொல்லணும்னு நீங்கதான மதினி சொல்லிக் குடுத்தீக? செந்தாமரை எங்கிட்டச் சொல்லிருக்கா."

கல்யாணசுந்தரி ஒரு சுளையை வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள். புளித்தது. இத்தனை வருஷம் விலை கேட்கத் தெரியாதவள் என்று யாரை நினைத்திருந்தாளோ, அவளிடம் ஒரு முழுக் கண்ணையும் வைத்துப் பேரம் பேசித் தோற்றிருக்கிறாள். அந்தத் தோல்வியிலும் ஒன்றுதான் உறுத்தியது: அந்த வித்தை தன்னுடையது.

ஆடியில் கல்யாணம் கிடையாது. பாத்திரமெல்லாம் கிடங்கில் கவிழ்ந்து கிடந்தது. காற்று புழுதியை அள்ளிக்கொண்டு வந்து தகரத்தில் அடித்தது. வலது கண்ணுக்கு என்ன செய்யலாம் என்று முத்தரசு நாலாவது தடவையாகக் கேட்டான். அவன் முடிக்கும் முன்பே, "வாத்தியாரு முகாம்லயே செஞ்சுக்கிறேன். மருந்த மட்டும் நீ ஊத்து" என்றாள். அவன் தலையை ஆட்டினான்.

ஒரு மத்தியானம் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒவ்வொரு எழுத்தையும் நெல்லிக்காய்ப் பருமனுக்கு எழுதினாள். அகிலாண்டேஸ்வரி தோளுக்குப் பின்னால் நின்று, கண்ணாடி இல்லாமல் வாசித்தாள்.

"இடது கண்ணு. போனது ஒண்ணு. வந்தது ஒண்ணு, ஒடுக்கு." கொஞ்சம் நிறுத்தினாள். "அருளானந்தம் வாத்தியார். வருகிற முகாமுக்கு அண்டா ரெண்டு, டம்ளர் இருநூறு, வாடகை கெடையாது. அக்கம்மாள் வகையறா இருபத்திரண்டு பேர், ஆளுக்கு ஒரு நாள், பாக்கி... மதினி, இத எப்புடிக் குடுப்பீக?"

"அக்கம்மா மகளுக்கு ஆவணியில கல்யாணம். சாமான் பூராம் போகுது. மத்தவுக வீட்டுலயும் நல்லது பொல்லது வராமயா போகும்? ஒவ்வொண்ணாக் கழிப்பேன்."

அடுத்த வரியை எழுதினாள். அகிலாண்டேஸ்வரி வாசித்துவிட்டுச் சிரித்தாள். "மருந்துப் புட்டி ஒண்ணா? அத எதுக்கு எழுதுறீக? நான் வீசுனதுதான. அடிச்சிருங்க."

"வீசுனாலும் ஒங்க பொருளு. நான் கேக்காம எடுத்தது. ஒங்ககிட்ட ஓசியில எனக்கு ஒண்ணும் வேணாம்."

"அப்ப புதுசு வாங்கிக் குடுப்பீகளா? எனக்கு எதுக்கு இனிமே மருந்து?"

"ஒங்களுக்கும் வலது கண்ணு இருக்குல்ல?"

 கல்யாணசுந்தரி பேனாவை இறுக்கிப் பிடித்து, நோட்டுக்கு நேராகக் குனிந்து, வரியை முடித்தாள்.

அகிலாண்டேஸ்வரி மதினி, தேவகோட்டை. சொட்டு மருந்துப் புட்டி. போனது 1. வந்தது இல்லை. பாக்கி 1.